தாழ்ந்த வயலுக்கு வந்த விதை

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, வெள்ளம் வந்தால் அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. வேர் தண்ணீரில் நிற்பது வேறு, தலை தண்ணீருக்குள் போவது வேறு. இலை நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தால்கூட நெற்பயிர் பல நாள் தாக்குப்பிடிக்கும். அந்த நுனியும் மூழ்கிவிட்டால், சாதாரண ரகங்கள் ஒரு வாரத்தைத் தாண்டுவதே அரிது.

அது சாகிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் பரவுகிற வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அவை பரவும் வேகம் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெள்ளத் தண்ணீர் கலங்கி வேறு இருக்கும், வெயில் உள்ளே இறங்காது. ஆக பயிருக்கு மூச்சும் இல்லை, சமையலும் இல்லை. இதற்கிடையில் பயிரின் உடம்பில் உருவாகும் எத்திலீன் என்ற வாயு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. அது தேங்கத் தேங்க, ஜிப்ரெல்லின் என்கிற வளர்ச்சி ஊக்கி வேலையைத் தொடங்குகிறது. ‘நீள், மேலே போ, காற்றைத் தொடு’ என்று பயிர் முழுக்க ஒரே அவசரம். தூரில், அதாவது அடித்தண்டில், சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் கரைத்து அது உயரப் பார்க்கிறது. தண்ணீர் சீக்கிரம் வடிந்தால் பிழைத்துக்கொள்ளும். வடியாவிட்டால் கையிருப்பு தீர்ந்துபோய், நூலாக வெளுத்து நீண்ட நிலையில் செத்துப் போகும். சில சமயம் தண்ணீர் வடிகிற அன்று உயிரோடுதான் இருக்கும். நிற்கத் தெம்பில்லாமல் சேற்றில் சாய்ந்து, வெயில் பட்டதும் கருகிவிடும்.

தப்பிப்பதற்காகச் செய்யும் முயற்சியே பயிரைக் கொல்கிறது. இது புரிந்த பிறகுதான் ஆராய்ச்சிக்கு ஒரு திசை கிடைத்தது.

ஒடிசாவில் அடிக்கடி வெள்ளம் புகும் பகுதிகளில் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது எஃப்.ஆர். 13ஏ என்ற நெல். விளைச்சல் குறைவு, சோறும் அவ்வளவு சுவைக்காது. ஆனால் இரண்டு வாரம் முழுசாக மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். 1970களில் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன்னிடமிருந்த ஆயிரக்கணக்கான ரகங்களைத் தண்ணீரில் மூழ்கடித்துச் சோதித்தபோது தனித்துத் தெரிந்தவற்றில் இது முதன்மையானது. இலங்கையிலிருந்து வந்த சில பழைய ரகங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

சரி, கிடைத்துவிட்டதே, இதை நல்ல விளைச்சல் ரகத்தோடு கலந்தால் முடிந்தது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். கலக்கவும் செய்தார்கள். வெள்ளத்தைத் தாங்கி, ஓரளவு விளைச்சலும் தரும் வரிசைகள் (கலப்பில் பிறந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நெல் வகைகள்) 1990களின் தொடக்கத்திலேயே கையில் இருந்தன. ஆனால் அவை வயலுக்குப் பரவவில்லை. விவசாயிக்கு அது தெரியாத நெல். அரிசி எப்படி இருக்கும், ஆலைக்காரர் வாங்குவாரா, எத்தனை நாளில் அறுவடை, வைக்கோல் மாடு தின்னுமா, எதுவும் தெரியாது. வெள்ளம் மூன்று வருடத்துக்கு ஒரு முறை வரலாம். சோறு தினமும் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து யாராவது தினசரிச் சோற்றை மாற்றிக்கொள்வார்களா?

இந்தத் தோல்வியைத்தான் இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதியாக நான் நினைக்கிறேன். நீடித்த வேளாண்மை பற்றிய பேச்சுகளில் கண்டுபிடிப்புகளின் பட்டியல் நீளமாக வருகிறது. அந்தக் கண்டுபிடிப்பு விவசாயி ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் விதைக்குள் நுழையுமா, அல்லது அவர் தன் விதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வர வேண்டுமா என்பதை யாரும் கேட்பதில்லை. விதையின் தலையெழுத்தை எழுதுவது அந்தக் கேள்விதான்.

டேவிட் மேக்கில் என்ற நெல் விஞ்ஞானியும் அவருடைய மாணவர் கெனாங் சூவும் 1996இல், வெள்ளம் தாங்கும் குணம் பெரும்பாலும் நெல்லின் ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே இடத்தில் அடங்கியிருக்கிறது என்று காட்டினார்கள். அந்த இடத்துக்கு சப்-1 என்று பெயர். அங்கே இருக்கும் மரபணுக்களில் எது இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தறிய இன்னும் பத்தாண்டு பிடித்தது. பமீலா ரோனால்ட், ஜூலியா பெய்லி-செரஸ் என்ற தாவர விஞ்ஞானிகளும் சேர்ந்த குழு 2006இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டது. சப்-1ஏ என்ற அந்த மரபணு எல்லா நெல்லிலும் இல்லை, சிலவற்றில் மட்டுமே இருக்கிறது.

அது செய்யும் வேலை எளிமையானது. எத்திலீன் தேங்கியதும் மற்ற நெல் நீளப் பார்க்கும் அல்லவா, சப்-1ஏ உள்ள நெல் அந்த இடத்தில் வளர்ச்சியை அடக்குகிறது. ஜிப்ரெல்லின் சொல்வதைப் பயிர் காதில் போட்டுக்கொள்ளாதபடி செய்துவிடுகிறது. நீளாது, சர்க்கரையைச் செலவழிக்காது, பச்சையத்தை இழக்காது. முழு ஊரடங்கு காலத்துக் குடும்பம்போலக் கையிருப்பை வைத்துக்கொண்டு அடங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும் அந்தக் கையிருப்பில்தான் புதுக் குருத்து வருகிறது. வெள்ளம் வடிந்தவுடன் பயிர் சந்திக்கும் திடீர் வறட்சியைத் தாங்கவும் இதே மரபணு உதவுகிறது என்பது பிறகு 2011இல் தெரியவந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லா வெள்ளத்துக்கும் அடங்கிக் கிடப்பது சரிப்படாது. வங்காளதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் ஆழத் தண்ணீர் நிற்கும் பகுதிகளில் ஆழ்நீர் நெல் உண்டு. அது தண்ணீரோடு போட்டி போட்டு உயரும், ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல்கூட நீளும். ஜப்பானிய விஞ்ஞானிகள் 2009இல் அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அவையும் எத்திலீனுக்குப் பதில் சொல்லும் அதே வகை மரபணுக்கள்தான். எத்திலீன் என்ற ஒரே சமிக்ஞைக்கு ஒரு நெல் ஓடுகிறது, இன்னொரு நெல் உட்கார்ந்துகொள்கிறது. எந்த ஊர் வெள்ளம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தந்த ஊர் நெல் தன் வழியைப் பிடித்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

மரபணு எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் வேலை மாறிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு ரகத்தைக் கலந்து, பிறக்கும் ஆயிரம் பயிரையும் தொட்டியில் மூழ்கடித்துப் பார்த்துத்தான் எது தாங்குகிறது என்று அறிய முடியும். இப்போது நாற்றாக இருக்கும்போதே ஒரு துண்டு இலையைக் கிள்ளி, அதன் டி.என்.ஏ.வைச் சோதித்து, சப்-1 இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஸ்வர்ணா என்ற ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆந்திராவின் மாருட்டேறு ஆய்வு நிலையத்தில் உருவாகி, கிழக்கு இந்தியாவெங்கும் லட்சக்கணக்கான ஏக்கரில் விளையும் நெல் அது. அதை எஃப்.ஆர். 13ஏ வழி வந்த வரிசையோடு கலந்து, பிறந்த பயிரை மறுபடி மறுபடி ஸ்வர்ணாவோடேயே கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சப்-1 இருக்கும் பயிரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றபடி ஸ்வர்ணாவைப் போலவே இருப்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். கடைசியில் கிடைத்தது வெள்ளம் தாங்கும் ஒரு துணுக்கு மட்டும் சேர்ந்த ஸ்வர்ணா. 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்ட ஸ்வர்ணா சப்-1 இதுதான். உமியின் நிறம் மட்டும் ஸ்வர்ணாவின் பொன்னிறத்தை விட்டு வைக்கோல் நிறத்துக்கு மாறியது. மற்றபடி அதே உயரம், அதே வயது, அதே அரிசி.

இது மரபணு மாற்றுப் பயிரா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. நெல்லும் நெல்லும் மகரந்தம் கலந்து பிறந்ததுதான். சோதனைக்கூடத்தில் நடந்தது தேர்வு மட்டுமே. ஹைப்ரிட் எனப்படும் வீரிய ஒட்டு விதையும் அல்ல. அறுத்த நெல்லிலிருந்து விதைக்கு எடுத்துவைத்து அடுத்த சம்பாவுக்கு விதைக்கலாம், குணம் மாறாது. விவசாயி ஆண்டுதோறும் கடை வாசலில் நிற்க வேண்டியதில்லை. எனக்கு இந்த விதை பிடித்துப்போனதற்கு இது பெரிய காரணம்.

அதே முறையில் வங்காளதேசத்தின் பி.ஆர். 11, பரவலாகப் பயிராகும் ஐ.ஆர். 64, நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் சம்பா மசூரி, அப்புறம் எங்கள் காவிரி டெல்டாவின் சி.ஆர். 1009 ஆகியவற்றுக்கும் சப்-1 சேர்க்கப்பட்டது. சி.ஆர். 1009 கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்து இங்கே பொன்மணி என்ற பெயரில் குடியேறிய நெல். 155, 160 நாள் வயது. குண்டு அரிசி, இட்லிக்கு நன்றாக இருக்கும். கடைமடையில் சம்பாவுக்கு இதைத்தான் நம்பி விதைப்பார்கள்.

2022 நவம்பர் 11ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 செ.மீ. மழை கொட்டியது. அது எங்கள் சுற்றுவட்டாரத்துச் சம்பா இளம்பயிராக இருந்த நேரம். சாலையிலிருந்து பார்த்தால் வயல், வரப்பு, வாய்க்கால் என்ற வித்தியாசமே இல்லை, கடல் வரை ஒரே தண்ணீர். சித்தப்பா அந்த வருடம் பள்ளத்து வயலில் சி.ஆர். 1009 சப்-1 போட்டிருந்தார். மேட்டு வயலிலும் அதை ஒட்டிய தாழ்ந்த துண்டிலும் ஆந்திரா பொன்னி. தண்ணீர் ஒரு வாரத்துக்கு மேல் நின்று மெதுவாக வடிந்தது.

வடிந்த பிறகு அவரோடு இறங்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எல்லா இலையிலும் வண்டல் பூசி, காய்ந்து, சாம்பல் நிறம். கிட்டே போனால் வித்தியாசம் தெரிந்தது. தாழ்ந்த துண்டில் ஆந்திரா பொன்னி முழங்காலுக்கு மேல் நீண்டு, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் படுத்திருந்தது. சப்-1 வயலில் பயிர் மூழ்குவதற்கு முன் இருந்த உயரத்திலேயே நின்றது, இலை பாதி பழுத்து, பார்க்கப் பாவமாக. எனக்கு அதுவும் போய்விட்டதாகவே தோன்றியது.

“இலையைப் பாக்காத தம்பி. தூரை அமுக்கிப் பாரு” என்றார் சித்தப்பா.

ஆந்திரா பொன்னியின் தூரை இரண்டு விரலால் அமுக்கினால் கொழகொழவென்று நசுங்கியது, அழுகல் வாடை வந்தது. சப்-1 தூர் கெட்டியாக இருந்தது. அவர் ஒரு பயிரைப் பிடுங்கி நகத்தால் நெடுக்கே கிழித்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது, நடுவில் ஊசி முனை அளவுக்குப் பச்சைக் குருத்து. “இது வந்துரும்” என்றார். உடனே உரம் போடவில்லை. புது இலை வெளியே வந்து விரிந்த பிறகுதான், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு என்ற வழக்கமான பரிந்துரைப்படி கலந்து ஓரிரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் சேர்த்துத் தூவினார். நெருக்கமாக இருந்த இடத்திலிருந்து பயிரைப் பிடுங்கிப் பாடு விழுந்த இடங்களை நிரப்பினார்கள். பொங்கல் தாண்டி அந்த வயலில் நெல் அறுத்தோம். பக்கத்துத் துண்டில் வயது குறைந்த நாற்றை வெளியிலிருந்து வாங்கிவந்து திரும்ப நட்டது. செலவு இரண்டு முறை, அறுவடை ஒன்று.

நீடித்த வேளாண்மை என்றதும் ரசாயனத்தைக் குறைப்பது, மண்ணைக் காப்பது என்றுதான் பேச்சு போகும். வெள்ளத்தில் போன ஒரு வயலில் எவ்வளவு வீணாகிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உழவுக்கு எரித்த டீசல், விதை, நாற்றங்காலுக்குப் பாய்ச்சிய தண்ணீர், அடியுரம், பெண்கள் குனிந்து நட்ட கூலி. எல்லாம் வாய்க்கால் வழியாகக் கடலுக்கு. பிறகு அத்தனையும் மறுபடி. போட்டதைக் காப்பாற்றுகிற ஒரு விதை அந்த வகையில் மண்ணுக்கும் நீருக்கும் செய்கிற நன்மை பெரியது.

ஒடிசாவில் 128 கிராமங்களில் ஸ்வர்ணா சப்-1ஐ வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கள ஆய்வு செய்தார்கள். 2013இல் வெளியான அதன் முடிவுப்படி, பத்து நாள் மூழ்கிய வயலில் சாதாரண ஸ்வர்ணாவைவிட சப்-1 சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலில் குறைச்சல் எதுவும் இல்லை. அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு முடிவு. வெள்ளம் அதிகம் நிற்கும் தாழ்ந்த நிலங்கள் பட்டியல் சாதி விவசாயிகளிடம்தான் அதிகமாக இருக்கின்றன, அதனால் இந்த விதையின் பலன் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேரும் என்பது. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று எப்போதோ சாதி பார்த்துப் பங்கு போட்ட நிலத்தில், பள்ளத்தில் இருப்பவருக்கென்றே உதவும் ஒரு கண்டுபிடிப்பு! வேளாண் அறிவியலில் பெரும்பாலானவை முதலில் மேட்டு வயல்காரரிடம்தான் போகும். நல்ல நிலம், நல்ல பாசனம், கையில் காசு உள்ளவருக்குத்தான் புது ரகம் நன்றாக விளையும். இது அப்படியே தலைகீழ். இப்படி எத்தனை கண்டுபிடிப்பைச் சொல்ல முடியும்?

அதே பகுதியில் தொடர்ந்து நடந்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. இந்த விதை கையில் இருந்தவர்கள் வெள்ளம் வராத ஆண்டிலும் முன்பைவிட நன்றாகச் சாகுபடி செய்தார்கள். உரத்துக்குச் செலவழித்தார்கள், விதைத்துவிட்டுப் போவதற்குப் பதில் நடவு செய்தார்கள், கடன் வாங்கத் தயங்கவில்லை. எல்லாம் போய்விடுமோ என்ற பயம் குறைந்தால் மனுஷன் வயலில் மனசை வைக்கிறான். உரம் கூடியது நல்லதா என்று இயற்கை வேளாண்மை நண்பர்கள் கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. என் பதில், பயத்தில் அரைகுறையாகச் செய்யும் சாகுபடி எந்த வகையிலும் நீடித்தது அல்ல. அளவாக உரமிடுவதைப் பயமில்லாத விவசாயியிடம்தான் பேச முடியும்.

இந்த விதையால் முடியாதவையும் இருக்கின்றன. சப்-1 காப்பது இளம்பயிரை, அதுவும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை. கதிர் வந்த பிறகு, பூக்கும் சமயத்தில் மூழ்கினால் அது ஒன்றும் செய்யாது. அறுவடைக்கு நிற்கும் நெல் ஜனவரி மழையில் சாய்ந்து முளைப்பதையும் தடுக்காது. முழங்கால் அளவுத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் வயலுக்கு இது ஏற்றதல்ல. எங்கள் கடைமடையில் காய்ந்த மண்ணில் நேரடியாக விதைக்கும் புழுதி விதைப்பு அதிகம். விதை முளைக்கும் நேரத்தில் மழை பெய்து தேங்கினால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அதற்கு வேறு குணம் தேவை. மியான்மரின் ஒரு பழைய ரகத்திலிருந்து அப்படித் தண்ணீருக்கடியிலும் முளைக்கச் செய்யும் மரபணு 2015இல் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அதையும் சப்-1ஐயும் ஒரே ரகத்தில் சேர்க்கும் வேலை நடக்கிறது. டெல்டாவுக்கு நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது அந்த விதையைத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. வடிகால். எங்கள் பக்கத்து வடிகால் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கின்றன. தூர் வாரினால் நாலு நாளில் வடிய வேண்டிய தண்ணீர் இரண்டு வாரம் நிற்கிறது. விதை வந்துவிட்டது என்று வாய்க்காலை மறந்தால், விதை தாங்கும் நாட்களையும் தாண்டித் தண்ணீர் நிற்கும். மரபணுவின் எல்லை பதினாலு நாள் என்றால் அதற்குள் தண்ணீரை இறக்குவது மண்வெட்டியும் பொக்லைனும் செய்ய வேண்டிய வேலை.

பாரம்பரிய நெல்லா, விஞ்ஞான நெல்லா என்று நம் ஊரில் நடக்கும் சண்டை இந்த இடத்தில் எனக்குப் புரிவதே இல்லை. சப்-1ஏ எந்த விஞ்ஞானியும் உருவாக்கியது அல்ல. ஒடிசாவின் பள்ளத்து வயலில், பெயர் தெரியாத விவசாயிகள் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பிழைத்த பயிரிலிருந்து விதை எடுத்துவைத்துக் காப்பாற்றியது. விளைச்சல் குறைவு என்று அவர்கள் அதைக் கைவிட்டிருந்தால் 1970களில் சோதிக்க நெல் இருந்திருக்காது. அதைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு துணுக்கைப் பத்திரமாக எடுத்து, லட்சக்கணக்கானோர் உண்ணும் நெல்லில் வைத்தது அறிவியல். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இந்த விதை இல்லை.

நம்மிடமும் காட்டுயானம், மடுமுழுங்கி, கடலோர உப்பு நிலத்துக்குக் குழியடிச்சான் என்று எத்தனையோ ரகங்கள். நெல் ஜெயராமன் ஊர் ஊராக அலைந்து 150க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல்லைச் சேகரித்து, ஆதிரெங்கத்தில் திருவிழா நடத்தி விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டு 2018 டிசம்பரில் போய்விட்டார். அவர் காப்பாற்றியதை அரும்பொருளாகப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொன்றையும் மூழ்கடித்து, உப்பில் நட்டு, வறட்சியில் வாட்டிச் சோதிக்க வேண்டும். கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து கிடைத்த உப்பு தாங்கும் குணம் இன்று நெல் ஆராய்ச்சியில் எல்லா இடத்திலும் பயன்படுகிறது. குழியடிச்சானுக்குள் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தேடிப் பார்க்க நம் பல்கலைக்கழகங்களுக்கு இன்னும் ஆளும் பணமும் தர வேண்டும். கடல்நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் வேதாரண்யத்துக்கும் தலைஞாயிறுக்கும் அது அவசர வேலை.

கடைசியாக, விதைப்புக்குத் தயாராகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். சி.ஆர். 1009ஐயும் சி.ஆர். 1009 சப்-1ஐயும் விதையாகக் கையில் வைத்துப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் தெரியும். இதைப் பயன்படுத்திக்கொண்டு சாதா விதையை சப்-1 என்று கொடுத்த கடையும் உண்டு. பக்கத்து ஊரில் ஒருவர் அப்படி வாங்கி ஒரு சம்பாவைத் தொலைத்தார். வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஆகஸ்டுக்கு முன்பே சொல்லி வையுங்கள். மூட்டையில் சான்று விதைக்குரிய நீல அட்டை இருக்க வேண்டும், அதில் ரகத்தின் பெயரோடு ‘சப்-1’ என்பது அச்சாகியிருக்க வேண்டும். வெறும் 1009 என்றிருந்தால் பள்ளத்து வயலுக்கு வாங்காதீர்கள். நல்ல விதை ஒரு முறை கிடைத்துவிட்டால், வரப்போரம் விட்டு வயலின் நடுவில் கலப்பில்லாத ஒரு பகுதியைத் தனியாக அறுத்துக் காயவைத்து அடுத்த வருடத்துக்கு எடுத்துவையுங்கள். மூன்று வருடம் போனதும் மறுபடி புதுச் சான்று விதைக்கு மாறிக்கொள்ளலாம். சித்தப்பா அப்படித்தான் செய்கிறார், அவரிடமிருந்து விதை வாங்கிப் போகிறவர்கள் இப்போது பள்ளத்து வயல்காரர்கள்தான்.